"இவங்க எல்லாம் யாரு மேடம்?" - ஒரு கேள்வியால் பிரிந்த இரண்டு வங்கிக் கணக்குகள்

"மேடம், இதுல உங்க வருமானம் எது, வீட்டுப் பணம் எது?"

வங்கியின் கடன் பிரிவு அதிகாரி கேட்டபோது, அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. மேஜை மேல் 52 பக்க ஸ்டேட்மென்ட். ஒரு வருடத்து வரவு செலவு முழுவதும் அதில் இருந்தது. கேஸ் சிலிண்டர், மகளின் டியூஷன், மாமியாரின் பி.பி மாத்திரை, தம்பி திருப்பிக் கொடுத்த கைமாற்று, கிளினிக் இ.பி பில். நடுநடுவே 800, 800 என்று வரவுகள்.

"இந்த 800 ரூபாய் அனுப்புறவங்க எல்லாம் யாரு மேடம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கணவர் பெருமையாகச் சொல்லிவிட்டார். "அது கவுன்சலிங் ஃபீஸ் சார். தில்லை நகர்ல சென்டர் வெச்சிருக்காங்க. ஒருத்தருக்கு 800."

அதிகாரியின் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கி வந்து, ஓரிடத்தில் நின்றது. "அட, இவங்க நம்ம பிராஞ்ச்லதானே லாக்கர் வெச்சிருக்காங்க. இவங்களுமா வர்றாங்க?"

அவர் சட்டென்று காகிதங்களை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திருச்சியில் தனியாக கவுன்சலிங் சென்டர் நடத்தும் மனநல ஆலோசகர் அவர். வயது 38. பெயர் வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். க்ளையன்ட்கள் யாரென்று தெரிந்துவிடாதபடி இங்கே விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. அவர் பெயரைத் தவிர்த்ததற்கான காரணம், மேலே நடந்த அந்த ஒரு நிமிடத்திலேயே இருக்கிறது.

ஒரே உண்டியல்

எம்.எஸ்சி உளவியல் முடித்து, சில வருடங்கள் பள்ளியில் கவுன்சலராக இருந்தார். கொரோனாவுக்குப் பிறகு, 2021-ல் தில்லை நகரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு டிஷ்யூ பெட்டி. அட்வான்ஸுக்கு இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போனது.

"பத்துப் பேர்தானே வரப்போறாங்க, இதுக்குப் போய் தனி அக்கவுன்ட் எதுக்கு?" என்றுதான் அவரும் நினைத்தார். ஏற்கெனவே கணவரோடு சேர்ந்து ஒரு ஜாயின்ட் சேவிங்ஸ் கணக்கு இருந்தது. அதன் க்யூஆர் கோடையே பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, மேஜையில் நிற்க வைத்தார்.

பத்துப் பேர் இருபதானார்கள், முப்பதானார்கள். வந்த பணம் அன்றன்றே வீட்டுக்குப் போனது. காலையில் வந்த 1,600 ரூபாயில் மாலை மளிகை வாங்கப்பட்டது. மாதக் கடைசியில் கிளினிக் வாடகை 12,000 ரூபாயைக் கணவரின் சம்பளத்திலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்தார். கணவருக்கு துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசர் வேலை. யார் பணம் எதற்குப் போகிறது என்று இருவரும் கேட்டதே இல்லை. 'நம்ம குடும்பத்துக்குள்ள என்ன கணக்கு?' என்பதுதான் இருவருக்கும் பழகிய நியாயம்.

அந்த நியாயத்துக்கு முதல் அடி விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் அவர் போன் இருந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம தெருக்கோடி வீட்டுப் பொண்ணு உனக்கு எதுக்கு எண்ணூறு ரூபாய் அனுப்புது?"

ஒரு நொடி தடுமாறிவிட்டு, "சீட்டுக் காசு அத்தை" என்றார்.

பொய்தான். ஆனால் உண்மையைச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், 'நான் இங்கே வர்றது யாருக்கும் தெரியக் கூடாது மேடம்' என்று முதல் நாளே கைகூப்பியவர்களின் முகம் ஞாபகத்தில் இருக்கிறது. கேஸ் நோட்டுகளை பீரோவில் பூட்டி, சாவியைக் கைப்பையிலேயே வைத்திருப்பவர் அவர். அதே பெயர்கள், தேதியோடும் தொகையோடும் குடும்ப ஸ்டேட்மென்ட்டில் திறந்து கிடந்தன. அது அவருக்கு உறைத்தது வங்கி மேஜையில்தான்.

ராத்திரி வந்த இன்னொரு கேள்வி

வீட்டுக்கு வரும் வழியில், சாஸ்திரி ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது கணவர் கேட்டார். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? நீ சம்பாதிக்கறதைத்தானே சொன்னேன்?"

அவர்மேல் தப்பில்லை. கணக்கில் அவர் பெயரும் இருக்கிறது. தன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைத்தான் அவர் பிரின்ட் எடுத்தார். தப்பு எங்கே என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை.

அன்று இரவு தூக்கமும் வரவில்லை. யோசித்துக்கொண்டே படுத்திருந்தபோது வேறொரு விஷயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

ஜூன் மாதம். மகளின் ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசித் தேதி நெருங்கியிருந்தது. அந்த வாரம் ஒரு க்ளையன்ட் வந்திருந்தார். நான்கு மாதமாக வருபவர். தூக்கம் சரியாகிவிட்டது, வேலைக்குப் போகிறார், முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே வரணுமா மேடம்?" என்று கேட்டார். 'வேண்டாம், நீங்க நல்லா இருக்கீங்க' என்று சொல்ல வேண்டிய நேரம். ஆனால் வாயிலிருந்து வந்தது, "இன்னும் ரெண்டு தடவை வாங்களேன், பார்க்கலாம்."

அது அந்த மனிதரின் தேவைக்காகச் சொன்னதா, ஸ்கூல் ஃபீஸுக்காகச் சொன்னதா?

இப்போது யோசித்தாலும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்ல முடியாததுதான் அவரைப் பயமுறுத்தியது. க்ளையன்ட்டின் பெயர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது ஒரு தப்பு என்றால், தன் வீட்டு ஃபீஸ் ரசீது க்ளையன்ட்டின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டுமே ஒரே ஓட்டை வழியாக நடந்தவை.

ஆடிட்டர் அம்மா போட்ட கணக்கு

வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. மனைவியின் வருமானத்துக்கு ஐ.டி ரிட்டர்ன் எதுவும் இல்லை, ஸ்டேட்மென்ட்டும் குழப்பம். உறையூரில் பார்த்து வைத்த ஃப்ளாட் வேறொருவருக்குப் போனது. டோக்கன் அட்வான்ஸ் திரும்பி வரவே இரண்டு மாதம் ஆனது. அந்தக் கசப்போடுதான் ஒரு ஆடிட்டரிடம் போனார். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. ஸ்டேட்மென்ட்டை நீட்டத் தயங்கியவரைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தையே ஆறுதலாக இருந்தது. "தயங்காதம்மா. க்ளையன்ட் விஷயத்தை வெளியே சொன்னா எங்க தொழில் சட்டப்படி நாங்களும் தண்டனைக்கு ஆளாவோம்."

அடுத்து ஒரு கேள்வி. "உன் கிளினிக் லாபத்துல ஓடுதா?"

"மாசம் அறுபதாயிரம் வருதும்மா."

"வர்றதைக் கேட்கல. நிக்கறதைக் கேட்டேன்."

ஒரு வெள்ளைத்தாளில் இருவருமாக எழுதினார்கள். நல்ல மாதம் ஒன்றில் 58 செஷன், 46,400 ரூபாய். வாரம் ஒருநாள் ஒரு பள்ளிக்குப் போவதற்கு 15,000 ரூபாய், 10 சதவிகித டி.டி.எஸ் பிடித்தம் போக 13,500. ஆக மொத்தம் 59,900.

இனி செலவு. வாடகை 12,000. அரைநாள் வரும் ரிசப்ஷன் பெண்ணுக்கு 7,000. கரன்ட் 1,500. இன்டர்நெட், போன் 1,000. தண்ணீர், துப்புரவு 900. சிக்கலான கேஸ்களைப் பற்றிக் கலந்து பேசும் மூத்த ஆலோசகருக்கு இரண்டு அமர்வுக்கு 3,000. பயிற்சி, புத்தகம், டெஸ்ட் தாள்கள் 2,000. கூட்டினால் 27,400.

மிச்சம் 32,500 ரூபாய்.

அறுபதாயிரம் சம்பாதிக்கும் மனைவி என்று கணவர் நினைத்திருந்தார். அவரும் அப்படியே நினைத்திருந்தார். அறுபதாயிரத்தை நம்பி சீட்டு போட்டு, நகைச் சேமிப்பில் சேர்ந்து, ஃப்ளாட்டுக்கும் ஆசைப்பட்டாகிவிட்டது. மே மாதம் பள்ளி மூடியதும் கிளினிக் வாடகைக்கு மறுபடி வளையல் ஏன் அடகுக்குப் போனது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆடிட்டர் அம்மா நிறுத்தவில்லை. "வாடகையை ரொக்கமா கொடுக்கறியா? ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா, அந்தச் செலவை வருமானத்துல கழிக்க முடியாது. உன் பன்னிரண்டாயிரமும் வரிக் கணக்குல செலவே இல்லைன்னு ஆகிடும். இனி பேங்க் வழியாவே கொடு."

டி.டி.எஸ் பற்றியும் கேட்டார். மாதம் 1,500 வீதம் பத்து மாதத்துக்கு 15,000 ரூபாய், அவர் பான் எண்ணில் அரசிடம் இருந்தது. படிவம் 26ஏஎஸ்-ஸைத் திறந்து காட்டியபோதுதான் அவருக்கே தெரிந்தது. ரிட்டர்ன் போட்டால்தானே கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்பி வரும்? அந்த வருடத்துக்கு டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட வாய்ப்பு இருந்தது. அதற்கு முந்தைய வருடத்துக்குக் கெடு முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி தனியாக மனு போட வேண்டும்.

"இன்னொண்ணும் தெளிவா தெரிஞ்சுக்கோ" என்றார் ஆடிட்டர் அம்மா. "நீ தனி ஆளா நடத்தறே. சட்டத்தைப் பொறுத்தவரை நீயும் கிளினிக்கும் ஒண்ணுதான். ஒரே பான், ஒரே ரிட்டர்ன். கிளினிக் கடன் உன் கடன்தான். தனிக் கணக்கு தொடங்கறதால நீ கம்பெனி ஆகிடப் போறதில்ல. ஆனா எது தொழில், எது வீடுன்னு காட்ட ஒரு சாட்சி வேணும். அந்தக் கணக்குதான் சாட்சி."

"வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பா?"

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"கல்யாணமாகி பதினாலு வருஷம் கழிச்சு தனிக் கணக்கா? வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பு பத்த வைக்கற மாதிரி இருக்கு" என்றார் மாமியார். கணவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் கனமாக இருந்தது. மனைவி பணத்தை மறைக்கப்போகிறாள் என்று அவர் நினைக்கிறாரோ என்று அவருக்கும் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, அந்த வெள்ளைத்தாளை அப்படியே கணவர் முன்னால் வைத்தார்.

"ஏங்க, உங்க யூனிட் கல்லாவுல இருந்து ஓனர் தினமும் வீட்டுக்குப் பால் காசு, காய்கறிக் காசு எடுத்தா என்ன சொல்வீங்க?"

"எப்படிக் கணக்கு நிக்கும்? ஸ்டீல் வாங்கவே காசு இருக்காதே."

"நான் அதைத்தான் ரெண்டு வருஷமா பண்ணிட்டிருக்கேன்."

அவர் தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தார். 32,500 என்ற எண்ணில் கண் நின்றது. "இவ்வளவுதானா?" என்றார். குரலில் ஏமாற்றம் இல்லை, ஆச்சரியம்தான். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு பேங்க்ல பேப்பரை ஏன் இழுத்தே?"

"அதுல இருக்கற பேருங்க என்னை நம்பி வந்தவங்க. உங்களுக்கே நான் சொல்லக் கூடாது. அந்த ஆபீஸருக்கு எப்படிங்க சொல்லலாம்?"

அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை.

பூவின் பெயரில் ஒரு கணக்கு

உத்யம் பதிவு ஆன்லைனில் முடிந்தது. ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. அந்தச் சான்றிதழையும் கிளினிக் முகவரிக்கான ஆவணத்தையும் கொடுத்து கரன்ட் அக்கவுன்ட் தொடங்கினார். அதில் வட்டி வராது. மினிமம் பேலன்ஸும் கூடுதல். அது முதலில் உறுத்தியது.

கிளினிக்குக்குப் பெயர் வைப்பதில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு காரணம் உண்டு. எப்போதும் ரொக்கமாகவே பணம் தரும் ஒரு இளம்பெண், ஒருநாள் தயங்கிக் கேட்டிருந்தார். "ஜிபே பண்ணா என் ஸ்டேட்மென்ட்ல என்ன பேரு வரும் மேடம்? வீட்ல பார்ப்பாங்க." ரகசியத்துக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்பது அப்போது புரிந்தது. தன் ஸ்டேட்மென்ட்டில் அவர்கள் பெயர் இருப்பது போலவே, அவர்கள் ஸ்டேட்மென்ட்டில் தன் பெயரும் இருக்கும். அதனால் மனம், மருத்துவம், ஆலோசனை என்ற வாசனையே இல்லாமல், ஒரு பூவின் பெயரை வைத்தார்.

லேமினேட் செய்த பழைய க்யூஆர் கோடு குப்பைக்குப் போனது. புதிய கணக்குக்கென்று ஒரு சின்ன போன், தனி சிம். வேலை முடிந்ததும் அது கிளினிக் மேஜை டிராயரிலேயே தூங்கும். வரவு நோட்டில் பெயர் கிடையாது, ரசீது எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல், கேஸ் நோட்டுகளோடு பீரோவில். யூபிஐ-யில் குறிப்பு எழுதும் இடத்தில் ரசீது எண்ணைத் தவிர எதுவும் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

அக்டோபர் முதல் தேதி. தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொண்ட முதல் நாள். கிளினிக் கணக்கிலிருந்து 22,000 ரூபாய் வீட்டுக் கணக்குக்குப் போனது. மீதியில் 7,000 ரூபாய் வறண்ட மாதங்களுக்காக. மற்றது வரி, ஆடிட்டர் ஃபீஸ், திடீர்ச் செலவுகளுக்கு. வீட்டுக்கு என்ன செலவென்றாலும் இந்த 22,000-க்குள்தான். கிளினிக் கார்டை மளிகைக் கடையில் நீட்டுவதில்லை. அவசரத்துக்கு ஒருமுறை எடுத்தபோதும், 'கைமாற்று' என்று நோட்டில் எழுதி அடுத்த மாதம் திருப்பி வைத்தார்.

நோட்டு எழுத ஆரம்பித்ததும் இன்னொன்றும் தெரிந்தது. 'பரவாயில்ல, அப்புறம் கொடுங்க' என்று சொன்னது மூன்று மாதத்தில் 19 செஷன்கள். 15,200 ரூபாய். அத்தனை பேரும் முடியாதவர்கள் அல்ல. கேட்கக் கூச்சப்பட்டு விட்டவையும் அதில் இருந்தன. இப்போது மாதத்தில் நான்கு இடங்களை, நிஜமாகவே முடியாதவர்களுக்காக அரைக் கட்டணத்தில் ஒதுக்கியிருக்கிறார். மற்றவர்களிடம் கூச்சமில்லாமல் ஃபீஸ் கேட்கிறார். 'உதவி பண்றதுக்கும் கணக்கு வேணும். இல்லன்னா கோபத்தோடதான் உதவி பண்ணுவோம்' என்பது அவர் அனுபவத்தில் கற்றது.

மே மாதம் வந்தது. பள்ளி மூடியாகிவிட்டது. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். 35 செஷன்தான், 28,000 ரூபாய். செலவுகள் போக நின்றது 600. முந்தைய வருடம் என்றால் வளையல் மறுபடி கிளம்பியிருக்கும். இந்த முறை, ஏழு மாதமாகச் சேர்ந்த 49,000 ரூபாயிலிருந்து 21,400-ஐ எடுத்துச் சேர்த்து, ஜூன் முதல் தேதி அதே 22,000 வீட்டுக்குப் போனது. கணவருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அதே மாதம்தான், ஒரு வருடமாக வந்துகொண்டிருந்த ஒருவர் கேட்டார். "இன்னும் வரணுமா மேடம்?"

மாதம் வறண்டுதான் இருந்தது. மகளின் ஸ்கூல் ஃபீஸும் வரப்போகிறது. ஆனால் அந்த ஃபீஸ் இப்போது அந்த அறைக்குள் இல்லை. "வேண்டாம். நீங்க நல்லா இருக்கீங்க. தேவைப்பட்டா மட்டும் கூப்பிடுங்க" என்றார். எழுந்து போனவரின் நடை, வந்த நாளில் இருந்ததைப் போல இல்லை.

சொந்த வீடு இன்னும் அமையவில்லை. ஒழுங்காக ரிட்டர்ன் போட ஆரம்பித்திருக்கிறார்கள். வருடங்கள் சேர்ந்ததும் மறுபடி கடனுக்கு முயற்சி செய்வதாகத் திட்டம்.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போன் அமைதியாக மேஜை மேல் கிடந்தது.

"ஏம்மா, அந்தத் தெருக்கோடிப் பொண்ணு சீட்டெல்லாம் கட்டி முடிச்சிடுச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாமியார் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது எனக்குத் தெரியாது அத்தை."

"ம்... நேத்து கோயில்ல பார்த்தேன். சிரிச்சுப் பேசுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தார் மாமியார்.